ஆர்டர் எங்கே தேங்குகிறது? சிறு நிறுவனத்தை வரைந்து பார்த்துச் சீர்செய்யும் வழி

நெல்லைப் பக்கம் சிறுதொழில் நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனியோ, பேட்டையில் லேத் பட்டறையோ, அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலையோ, எதுவானாலும் சரி. பத்துப் பேர் முதல் ஐம்பது பேர் வரை வேலை பார்க்கும் இடம். ஆர்டர் வருகிறது, ஆள் இருக்கிறது, எல்லோரும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனாலும் சரக்கு சொன்ன தேதிக்குப் போவதில்லை. இதுதான் உங்கள் நிலைமை என்றால் மேலே படியுங்கள்.

உறவினர் நடத்தும் அப்பளத் தொழிலில் கணக்கும் நிர்வாகமும் நான் பார்க்கிறேன். வீண் வேலையைக் குறைக்கும் லீன், பணியிடத்தை ஒழுங்காக்கும் ஃபைவ் எஸ், சிறுசிறு மாற்றங்களால் முன்னேறும் கைசன் என்று பயிற்சிகளுக்குப் போய் வந்தோம். தனியாக ஒரு ஆலோசனை நிறுவனம் வந்து, எங்கள் அமைப்பு முழுவதையும் படமாகப் போட்டு, கெட்டி அட்டை அறிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனது. முதலாவதால் மாவறை சுத்தமானது, ஆனால் ஆர்டர் முன்பு போலவே தாமதமானது. இரண்டாவது அலமாரிக்குப் போனது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்த பிறகுதான் காரியம் நடந்தது.

வேலையின் வேகத்தை மட்டும் கூட்டினால் தேக்கம் அடுத்தவர் மேசைக்கு நகரும், அவ்வளவுதான். அந்த மேசையில் ஏன் நிற்கிறது, யார் சொன்னால் நகரும், எந்த விதிக்காக நிற்கிறது என்பதை அமைப்புப் படம் காட்டும். எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளவு காட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியும்.

1. ஒரு சரக்கு, ஒரு பாதை

முழுக் கம்பெனியையும் வரைய உட்காராதீர்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் பாதியில் விடுவது பெரும்பாலும் இங்கேதான். கொள்முதல், உற்பத்தி, சம்பளம், வரி என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் போட ஆரம்பித்தால் முடிவே வராது.

அதிகம் விற்கும் ஒரு சரக்கை எடுங்கள். அதன் ஒரே ஒரு பாதையை எடுங்கள். "போனில் ஆர்டர் வந்த நிமிடத்திலிருந்து பார்சல் லாரி ஷெட்டில் ஏறும் வரை" என்பது போலத் தொடக்கமும் முடிவும் ஒரு வரியில் இருக்க வேண்டும். வெளியூர்க் கடைக்குப் போகும் சரக்கும் உள்ளூர்ச் சில்லறையும் வேறு வேறு பாதைகள். கலக்காதீர்கள்.

2. யார் வேண்டும், எந்தத் தாள் வேண்டும்

முதலாளி, ஆர்டர் எழுதுபவர், மேஸ்திரி, பேக்கிங் பார்ப்பவர், கணக்கு எழுதுபவர், பார்சல் ஏற்றிவிடுபவர். ஆறு பேர் போதும். சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாதவர்களையும் மறக்காதீர்கள். எங்கள் தொழிலில் மாவை வீட்டுக்கு வாங்கிப்போய் அப்பளம் இட்டுத் தருகிற அக்காமார்கள் இல்லாமல் எதுவும் நகராது. அவர்களில் ஒருவராவது அந்த அறையில் இருக்க வேண்டும். பட்டறை என்றால், முலாம் பூசவும் சூடேற்றிக் கடினப்படுத்தவும் வெளியே அனுப்புகிறீர்களே, அந்த ஆளையும் கூப்பிடுங்கள்.

எண்ணிக்கைக் கூலிக்கு வேலை செய்பவர் இரண்டு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் அந்த நேரக் கூலி அவருக்குப் போய்விடும். அதைக் கணக்குப் போட்டு அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கொடுக்காமல் கூப்பிட்டால் வருவார்கள், தலையாட்டுவார்கள், உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். முதலாளி முன்னால் பேசத் தயங்குவதும் உண்டு. அதனால் முதல் ஒரு மணி நேரம் முதலாளி இல்லாமல் நடக்கட்டும். அப்புறம் அவர் வந்து சேர்ந்துகொள்ளலாம்.

கையில் இருக்க வேண்டியவை: கடந்த மூன்று மாத ஆர்டர் நோட்டு, பில் நகல்கள், பார்சல் ரசீதுகள், ஸ்டாக் நோட்டு, கூலி நோட்டு, யார் எவ்வளவு பாக்கி என்ற பட்டியல், திரும்பி வந்த சரக்கின் விவரம். இவற்றுடன் உணவுப் பாதுகாப்பு உரிமம் முதலான அரசு ஆவணங்களின் நகலும். பாதி ஆர்டர்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன என்றால் அந்தத் தகவல்களையும் தேதி, நேரத்தோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேச்சில் "எல்லாம் மறுநாளே போயிரும்" என்பார்கள். ஆர்டர் தேதியையும் பார்சல் ரசீதின் தேதியையும் பக்கத்தில் வைத்தால் உண்மை தெரியும்.

3. நான்கு படங்கள்

அமைப்பை வரைவதற்குப் பல முறைகள் உண்டு. ஃபோர்-ஈ-எம் என்கிற முறையில் இலக்குகள், விதிகள், கருத்துகள், செயல்பாடு, ஆட்களும் வளங்களும், தொழில்நுட்பத் தேவைகள் என்று ஆறு பகுதிகள் இருக்கின்றன. சின்ன இடத்துக்கு நான்கு போதும் என்பது என் கருத்து. நான்கையும் ஒரே சுவரில், பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். சார்ட் பேப்பர், ஒட்டுச்சீட்டு, பென்சில் போதும். கம்ப்யூட்டரில் வரைவது கடைசியில்.

இலக்குப் படம். இந்தப் பாதையில் நமக்கு என்ன வேண்டும்? "மூன்று நாளில் சரக்கு ஏற வேண்டும்", "பாக்கி கூடக்கூடாது", "உடைந்த அப்பளம் திரும்பி வரக்கூடாது" என்று ஒவ்வொன்றையும் ஒரு சீட்டில் எழுதுங்கள். அப்புறம் ஒன்றுக்கொன்று இடிக்கிறவற்றுக்கு இடையில் சிவப்புக் கோடு போடுங்கள். சீக்கிரம் அனுப்புவதும் பாக்கி கூடாமல் பார்ப்பதும் இடிக்கும். இந்த மோதலை யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். தாமதத்தின் வேர் பல இடங்களில் இங்கேதான் இருக்கிறது.

ஆட்கள் படம். பதவிப் பெயர்களை மேலிருந்து கீழாக அடுக்குவது இதற்கு உதவாது. யார் யாரிடம் கேட்கிறார், யார் முடிவு சொல்கிறார், அவர் ஊரில் இல்லாவிட்டால் யார் சொல்வார் என்ற மூன்றையும் அம்புக்குறியால் காட்டுங்கள். குடும்பத் தொழிலில் பெரிய அண்ணாச்சி ஒன்று சொல்வார், சின்ன அண்ணாச்சி வேறொன்று சொல்வார். யார் சொன்னது நிற்கும் என்று ஆட்களுக்குத் தெரியும், ஆனால் எங்கும் எழுதி இருக்காது. எழுதுங்கள். ஒரே ஒருவர் மட்டுமே முடிவெடுக்கக்கூடிய இடங்களில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள்.

விதிப் படம். இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். "ஏன் அப்படிச் செய்கிறோம்?" என்று கேட்டு வருகிற ஒவ்வொரு பதிலையும் மூன்று நிறத்தில் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். சட்டம் சொல்வது ஒரு நிறம்: பாக்கெட்டில் எடை, விலை, பேக் செய்த தேதி இருக்க வேண்டும் என்பது போல. வாங்குபவர் சொல்வது இன்னொரு நிறம்: "எங்களுக்கு ஐம்பது பாக்கெட் கொண்ட பெட்டியாகத்தான் வேண்டும்" என்பது போல. நாமே வைத்துக்கொண்டது மூன்றாவது நிறம்: "முதலாளி பார்க்காமல் பில் போடக்கூடாது" என்பது போல. சட்டத்தை மாற்ற முடியாது. வாங்குபவர் விதியை அவரிடம் கேட்டு மாற்றலாம். நம் விதியை நாளைக்கே மாற்றலாம். எழுதி முடித்ததும் எண்ணிப் பாருங்கள். சட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்த பலவும் நம் வழக்கம்தான் என்பது தெரியவரும். இதற்கு நேர்மாறான ஆபத்தும் உண்டு. வழக்கம் என்று நினைத்து ஒன்றைத் தூக்கி எறிவீர்கள், அது சட்டமாக இருக்கும். சந்தேகம் வந்தால் ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு நிறம் போடுங்கள்.

பாதைப் படம். ஒவ்வொரு ஆளுக்கும் இடமிருந்து வலமாக ஒரு வரிசை. அவர் செய்யும் வேலை அவர் வரிசையில் ஒரு பெட்டி. முடிவெடுக்கும் இடம் சாய்சதுரம். தொடக்கத்துக்கு மெல்லிய வட்டம், முடிவுக்குத் தடித்த வட்டம். வேலை நடக்கும் பாதையை வரைவதற்கான பிபிஎம்என் என்ற குறியீட்டு முறையில் நூற்றுக்கணக்கில் நுணுக்கம் இருக்கிறது, உங்களுக்கு இந்த நான்கே போதும். அம்பு ஒருவர் வரிசையிலிருந்து இன்னொருவர் வரிசைக்குத் தாண்டும் ஒவ்வொரு இடத்துக்கும் எண் கொடுங்கள். இந்த எண்கள் அடுத்த படிக்கு வேண்டும்.

"எப்படி நடக்க வேண்டும்" என்று வரையாதீர்கள். எப்படி நடக்கிறதோ அப்படி வரையுங்கள். மேஸ்திரி ஆர்டர் நோட்டைப் பார்ப்பதில்லை, எழுதும் அக்காவிடம் வாயால் கேட்டுக்கொள்கிறார் என்றால் படத்தில் அதுதான் வர வேண்டும்.

4. கடிகாரத்தோடு ஆர்டரின் பின்னால் போங்கள்

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு அட்டை போடுங்கள். அது சரக்கோடு சேர்ந்தே நகரட்டும். பாதைப் படத்தில் எண் கொடுத்த ஒவ்வொரு இடத்திலும் "வந்த நேரம், எடுத்த நேரம், முடித்த நேரம்" என்று மூன்று கட்டங்கள். வந்ததற்கும் எடுத்ததற்கும் நடுவில் இருப்பது காத்திருப்பு. எடுத்ததற்கும் முடித்ததற்கும் நடுவில் இருப்பது வேலை.

இருபது, முப்பது ஆர்டர் அட்டைகள் சேர்ந்தால் படம் தெளிவாகும். கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி: நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை நடக்கும் இடத்தில் ஒரு ஆர்டர் ஐந்து நாள் எடுக்கிறது என்றால் மொத்தம் 50 மணி. அதில் கைவேலை 9 மணி, வெயிலில் காய்வது 6 மணி என்றால், மீதி 35 மணி நேரம் அந்த ஆர்டர் யாருக்காகவோ காத்துக் கிடந்திருக்கிறது. கைவேலையை எவ்வளவு விரட்டினாலும் 9 மணியில்தான் குறைக்க முடியும். அதனால், வேலை செய்பவர்களை விரட்டுவதை முதலில் நிறுத்துங்கள்.

அட்டையில் ஆளின் பெயரை எழுதாதீர்கள், இடத்தின் எண் மட்டும் போதும். பெயர் இருந்தால் நேரத்தைக் கூட்டிக் குறைத்து எழுதுவார்கள்; அது நியாயமான பயம். யாரையும் வேலையை விட்டு எடுப்பதற்காக இது இல்லை என்று முதலாளியே தன் வாயால் சொல்ல வேண்டும், சொன்னபடி நிற்கவும் வேண்டும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்கட்டும். கையில் முடியாமல் இருக்கும் ஆர்டர்களை, ஒரு நாளில் முடிகிற ஆர்டர்களால் வகுத்தால், சராசரியாக ஒரு ஆர்டர் எத்தனை நாள் எடுக்கும் என்று வரும். 60 ஆர்டர் நிலுவையில் இருக்கிறது, நாளுக்கு 12 முடிகிறது என்றால் ஐந்து நாள். அதே ஆட்களோடு மூன்று நாளில் தர வேண்டும் என்றால், நிலுவையை 36க்கு மேல் போகவிடக்கூடாது. புது ஆர்டரை மாவறைக்குள் அவசரமாகத் தள்ளுவதால் எதுவும் சீக்கிரம் வெளியே வராது. வரிசை நீளும், அவ்வளவுதான்.

5. படத்தையும் நேரத்தையும் சேர்த்துப் படியுங்கள்

இந்த வழிகாட்டியின் நடு இடம் இது. நேர அட்டைகளில் வந்த காத்திருப்பை, பாதைப் படத்தில் அந்தந்த எண்ணுக்கு மேல் சிவப்பில் எழுதுங்கள். மிக நீளமான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் மற்ற மூன்று படங்களிடமும் போய்க் கேளுங்கள்: இங்கே முடிவு சொல்பவர் யார்? எந்த விதிக்காக நிற்கிறது? அந்த விதி எந்த இலக்கைக் காக்கிறது?

ஆர்டர் எழுதியாகிவிட்டது, ஆனால் "முதலாளி பாக்கியைப் பார்த்துச் சரி சொல்லணும்" என்று ஒரு நாள் முழுக்க நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை மட்டும் பார்த்தால் "முதலாளி சீக்கிரம் பார்க்க வேண்டும்" என்று எழுதி முடிப்பீர்கள். அவர் தென்காசிக்குப் போனால் மறுபடி நிற்கும். ஆட்கள் படத்தில் அங்கே சிவப்புப் புள்ளி இருக்கிறது. விதிப் படத்தில் அது நம் சொந்த விதி. இலக்குப் படத்தில் அது காப்பது "பாக்கி கூடக்கூடாது" என்பதை. அப்படியானால் இலக்கை விடாமல் விதியை மாற்றலாம். பழைய பாக்கி 25,000 ரூபாய்க்குக் கீழே, 45 நாளுக்கு மேற்பட்டது எதுவும் இல்லை என்றால் ஆர்டர் எழுதுபவரே உற்பத்திக்கு அனுப்பலாம். மற்றவை மட்டும் முதலாளியிடம் போகட்டும். தொகையை உங்கள் தொழிலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். முதலாளிக்கும் இதில் நிம்மதிதான்: உண்மையில் பார்க்க வேண்டிய பாக்கிகள் மட்டும் அவரிடம் வரும்.

இரண்டாவது மாதிரி, பேக்கிங். அச்சடித்த கவர் வரவில்லை என்று காய்ந்த அப்பளம் கிடக்கிறது. பேக் செய்த மாதம் அச்சில் இருப்பதால் ஒவ்வொரு மாதமும் புதுக் கவர் அடிக்கிறார்கள். தேதி இருக்க வேண்டும் என்பது சட்டம், அதை எடுக்க முடியாது. ஆனால் கவரோடு சேர்த்தே அச்சடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். தேதி இடத்தைக் காலியாக விட்டுக் கவரை மொத்தமாக அடித்து வைத்துக்கொண்டு, பேக் செய்யும்போது கைமுத்திரையால் அழியாத மையில் தேதி குத்தலாம். சட்டமும் நின்றது, காத்திருப்பும் போனது.

மூன்றாவது வகை, படமே தேவைப்படாதது. பெருங்காய டப்பாவைத் தேடுவது, தராசுக்காக நடப்பது, கோணியை நகர்த்திவிட்டு வழி கண்டுபிடிப்பது. இதற்கு ஃபைவ் எஸ் ஒன்றே போதும்: வேண்டாததைப் பிரி, வேண்டியதற்கு இடம் கொடு, துடை, ஒழுங்கை எழுதி வை, கடைப்பிடி. ஆனால் ஒரு எச்சரிக்கை. "வேண்டாதது" என்று பழைய பில் புத்தகங்களையும் கணக்கு நோட்டுகளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். விதிப் படம் சுவரில் இருந்தால் இந்தத் தவறு நடக்காது.

6. ஒரு மாற்றம், ஒரு வாடிக்கையாளர் வரிசை

மூன்று மாற்றங்களையும் ஒரே நாளில் கொண்டுவந்தால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஒன்றை எடுத்து, மதுரைக் கடைகளுக்கு மட்டும் என்று எல்லை போட்டு, இரண்டு வாரம் நடத்துங்கள். அதே அட்டை, அதே கட்டங்கள். கூடவே, நீங்கள் காக்க நினைத்த இலக்கையும் அளக்க வேண்டும். ஆர்டர் சீக்கிரம் போனது, பாக்கியும் ஏறியது என்றால் அது முன்னேற்றம் ஆகாது.

ஒரு அடைப்பு திறந்ததும் அடுத்த இடம் நிரம்பும். ஒப்புதல் வேகமானால் காயப்போடும் தளம் திணறும். அதைத் தோல்வி என்று நினைத்துப் பழைய முறைக்குத் திரும்பிவிடாதீர்கள். பாதைப் படத்தில் அடுத்த சிவப்பு எண் அதுதான்.

7. செலவும் அரசு உதவியும்

வரைவதற்கான பொருட்கள் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். டிரா டாட் ஐஓ, காமுண்டா மாடலர் போன்ற படம் வரையும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. உண்மையான செலவு ஆட்களின் நேரம். ஆறு பேர், இரண்டு மணி நேரம் வீதம் நான்கு அமர்வு என்றால் 48 மணி நேரக் கூலி. அதை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

வெளி ஆலோசகர் வேண்டுமென்றால் குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் எம்எஸ்எம்இ லீன் திட்டத்தைப் பாருங்கள். 2023இல் புதுப்பித்துத் தொடங்கப்பட்டது. அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள். அடிப்படைப் படிக்குக் கட்டணம் இல்லை. மேல் இரண்டு படிகளில் ஆலோசகர் செலவில் 90 சதவீதத்தை அரசு ஏற்கிறது. இதற்கு உத்யம் என்ற அரசின் தொழில் பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசுத் தளம் இல்லை, ஏமாந்துவிடாதீர்கள். விவரம் கேட்க மாவட்டத் தொழில் மையத்துக்குப் போகலாம்.

ஆலோசகரை அமர்த்தும்போது ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: படங்களைத் திருத்தக்கூடிய கோப்பாகத் தர வேண்டும், நேர அளவு எடுத்த அட்டைகளை நம்மிடமே விட்டுப்போக வேண்டும். அச்சிட்ட அறிக்கை மட்டும் கிடைத்தால் ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும், உங்களால் ஒரு பெட்டியைக்கூட மாற்ற முடியாது. பின்னால் ஐஎஸ்ஓ 9001 என்ற தர மேலாண்மைச் சான்று வாங்கும் எண்ணம் இருந்தாலும் இந்தப் பாதைப் படமும் விதிப் படமும் அங்கே நேராகப் பயன்படும்.

8. எப்போது தொடங்குவது

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் வேண்டவே வேண்டாம். யாருக்கும் நிற்க நேரம் இருக்காது, வரும் அளவும் வழக்கமான நாளைக் காட்டாது. வெயிலை நம்பிய தொழில் என்றால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எடுத்த அளவையும் பங்குனி வெயிலில் எடுத்த அளவையும் ஒரே சராசரியில் போடாதீர்கள். குற்றாலத்தில் சாரல் என்றால் நம் பக்கமும் மப்பும் தூறலுமாக இருக்கும், அந்த நாட்களுக்குத் தனி அட்டை. அரிசி ஆலைக்காரர்களுக்கு கார் அறுவடையும் பிசான அறுவடையும் உச்ச நேரம். அதற்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் படம் வரைந்து முடித்துவிட்டு, அறுவடை நெல் வந்து குவியும்போது அளவு மட்டும் எடுங்கள்.

படங்களுக்கு இரண்டு வாரம், அளப்பதற்கு ஒரு மாதம், முதல் சோதனைக்கு இரண்டு வாரம். நிதானமாக மூன்று மாதம் வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது.

மாற்றம் நிலைத்ததும் சுவரில் உள்ள படத்தையும் அன்றே மாற்றுங்கள். விதி மாறியது, பாதைப் படம் மாறவில்லை என்றால் புதிதாக வேலைக்குச் சேருபவர் பழைய வழியைத்தான் கற்றுக்கொள்வார். இந்தப் பொறுப்பை முதலாளிக்குக் கொடுக்காதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. ஆர்டர் எழுதுபவரிடம் கொடுங்கள். எல்லாப் பாதையும் தொடங்குவது அவர் மேசையில்தான். படத்தின் மூலையில் திருத்திய தேதி இருக்கட்டும். பழைய படத்தைக் கிழிக்காமல் அதன் பின்னாலேயே வைத்துவிடுங்கள். ஒரு மாற்றம் பலன் தராமல் திரும்பிப் போக வேண்டி வந்தால், முன்பு எப்படி நடந்தது என்று பார்க்க அது ஒன்றுதான் இருக்கும்.